நவம்பர் 4 காலையோடு நிறுத்திவிடாதீர்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பல ஊர்களில் இருந்து தமிழில் உலகச் செய்தி தரும் ஆசிரியர்களுக்கும் துணை ஆசிரியர்களுக்கும் வணக்கம். 2026 நவம்பர் 3 அன்று நடக்கும் அமெரிக்க இடைக்காலத் தேர்தலை, அதாவது அதிபரின் நான்காண்டுக் காலத்தின் நடுவில் வரும் தேர்தலை, எப்படிச் செய்தியாக்குவது என்பது பற்றியது இந்த மடல்.

2025 மே 22 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் டிரம்ப் அரசின் பெரிய வரி மசோதா 215க்கு 214 என்ற கணக்கில் நிறைவேறியது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 3.5 விழுக்காடு வரி என்ற பிரிவு அதில் இருந்தது. மேலவையான செனட்டில் அது குறைந்தது. ஜூலை 4 அன்று சட்டமானபோது ரொக்கமாகவும் மணி ஆர்டர் போன்ற வழிகளிலும் அனுப்பும் பணத்துக்கு மட்டும் 1 விழுக்காடு என்று நின்றது. வங்கிக் கணக்கில் இருந்து அனுப்பினால் வரி இல்லை. மகனோ மகளோ அங்கே வேலை பார்க்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் சில வாரம் அது பெரிய கவலையாக இருந்தது.

அந்த ஒரு வாக்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், 2022 நவம்பர் 8 அன்று நடந்த இடைக்காலத் தேர்தலில், வட கரோலினா மாநில உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதி இடங்களுக்கான போட்டியில் போய் நிற்கிறது. அங்கே நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவரை 4க்கு 3 என்று ஜனநாயகக் கட்சியினர் பக்கம் இருந்த நீதிமன்றம், அன்று 5க்கு 2 என்று குடியரசுக் கட்சியினர் பக்கம் சாய்ந்தது. தேர்தலுக்கு முன்பு அதே நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காக வரையப்பட்ட தொகுதி வரைபடம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. அதனால் 2022இல் பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு உள்ள 14 இடங்கள் இரு கட்சிக்கும் ஏழுக்கு ஏழு எனப் பிரிந்தன. 2023 ஏப்ரலில் புதிய பெரும்பான்மை அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. அக்டோபரில் சட்டமன்றம் புதிய வரைபடம் போட்டது. 2024இல் அதே 14 இடங்கள் குடியரசுக் கட்சிக்குப் பத்து, ஜனநாயகக் கட்சிக்கு நான்கு என்று ஆயின.

2024இல் நாடு முழுவதும் வந்த கணக்கு, டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு 220, ஜனநாயகக் கட்சிக்கு 215. வட கரோலினாவில் கைமாறிய மூன்று இடங்களை மட்டும் பழைய பக்கமே வைத்துக் கூட்டிப் பாருங்கள்: 217க்கு 218. சபையே கைமாறியிருக்கும். மற்ற மாநிலங்களின் வரைபடங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். எல்லாப் பழியையும் ஒரு மாநிலத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் 2022 நவம்பர் 9 காலையில் உலகச் செய்திகள் செனட்டையும் சபையையும் டிரம்பையும் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு நீதிபதி இடங்கள் அந்தத் தலைப்புகளில் அதிகம் பேசப்படவில்லை.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு இழையும் உண்டு. ஈழத் தமிழரின் சுயநிர்ணய உரிமைக்கு ஆதரவாக 2024 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் வந்த 1230ஆம் எண் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் வைலி நிக்கல். அவருடைய தொகுதி வட கரோலினா 13. கைமாறிய அந்த மூன்றில் ஒன்று. புதிய வரைபடத்தில் வெல்ல வழியில்லாததால் அவர் 2024இல் போட்டியிடவே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரண்டாண்டுக் காலம் முடிந்ததும், நிறைவேறாத தீர்மானங்கள் எல்லாம் தாமாகக் காலாவதியாகின்றன. 2025 ஜனவரியில் அந்தத் தீர்மானமும் போனது, அதைக் கொண்டுவந்தவரும் சபையில் இல்லை. தீர்மானம் தாக்கலான நாளில் அது நமக்குச் செய்தியாக இருந்தது. அது எந்த அளவு உறுதியற்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது என்பதும் அன்றே வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டிய செய்திதான்.

இதனால்தான் இந்த மடல். 2026 நவம்பர் 3 அன்று பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும், செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும், 36 ஆளுநர் பதவிகளும், பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்களும் தேர்தலைச் சந்திக்கின்றன. உங்களிடம் கேட்பது இதுதான்: அந்த இரவின் எண்களை முடிவு என்று எழுதாதீர்கள், ஜனவரி முடியும் வரை ஒருவரையாவது இந்தப் பணியில் வைத்திருங்கள், காங்கிரஸுக்குக் கீழே இருக்கும் பதவிகளையும் பாருங்கள்.

முதலில் எண்ணிக்கை. நம் ஊர் எண்ணிக்கை நாள் நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, பிறகு சுற்றுச் சுற்றாக இயந்திர வாக்கு, மாலைக்குள் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பு. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் வாக்கு எண்ணி முடிவு சொல்லும் ஆணையம் ஒன்று கிடையாது. எண்ணுவது கவுண்டி நிர்வாகங்கள்; கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு. ஒரு மாநிலத்தின் விதி அடுத்த மாநிலத்தில் இல்லை. முதல் இரவில் “இன்னார் வென்றார்” என்று வருவதெல்லாம் செய்தி நிறுவனங்கள் தங்கள் கணக்கை வைத்துச் சொல்வது. அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) என்ற செய்தி நிறுவனம் 1848 முதல் இந்த வேலையைச் செய்கிறது, மிக அரிதாகவே தவறுகிறது. ஆனாலும் அது சட்டப்படியான அறிவிப்பு ஆகாது. எனவே “ஏ.பி. கணிப்பின்படி வெற்றி” என்று எழுதுங்கள். “அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது” என்ற சொற்களை, கவுண்டியும் பிறகு மாநிலமும் சான்றளிக்கும் நாளுக்காக வைத்திருங்கள். அதற்குச் சில வாரம் ஆகும்.

அடுத்து, “முன்னிலை”. தவறு அதிகம் நுழையும் இடம் இதுதான். எந்த வாக்கை முதலில் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து முன்னிலை ஏறும், இறங்கும். புளோரிடாவில் தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன்பே பிரித்துச் சரிபார்த்து வைத்துவிடலாம். அன்று இரவு 7 மணிக்குள் வந்து சேராத உள்நாட்டுத் தபால் வாக்கு செல்லாது. அதனால் அங்கே இரவு உணவு நேரத்துக்குள் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் உறையைத் திறக்கவே கூடாது என்பது சட்டம். எனவே நேரில் போட்ட வாக்குகள் முதலில் குவிகின்றன, தபால் வாக்குகள் பின்னால் வருகின்றன. அண்மைத் தேர்தல்களில் தபாலில் வாக்களித்தவர்களில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களே அதிகம் என்பதால், அங்கே குடியரசுக் கட்சி முதலில் முந்துவதும் பிறகு இடைவெளி சுருங்குவதும் எண்ணும் வரிசையின் விளைவு. “திடீர் திருப்பம்” என்று தலைப்புப் போட்டால், மோசடி நடந்தது என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு நாமே ஆதாரம் தயாரித்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

அரிசோனாவில் கதை வேறு. தபாலில் வந்த வாக்குச்சீட்டை வீட்டிலேயே வைத்திருந்து, தேர்தல் நாளன்று கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறவர்கள் அங்கே மிக அதிகம். 2022இல் மாரிக்கோபா கவுண்டியில் மட்டும் அப்படி ஒரே நாளில் ஏறத்தாழ 2,90,000 உறைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் கையெழுத்தைப் பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் வாக்காளரைத் தொடர்புகொண்டு சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். அந்த வேலைக்கு நாட்கள் ஆகும். தாமதத்துக்குக் காரணம் அதுவே. ஆளுநர் தேர்தலில் கேட்டி ஹாப்ஸ் வென்றதாக ஏ.பி. சொன்னது நவம்பர் 14 அன்றுதான், வித்தியாசம் சுமார் 17,000. அந்தக் கடைசி உறைகள் எந்தப் பக்கம் சாயும் என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பென்சில்வேனியாவில் நடந்ததை அப்படியே அரிசோனாவுக்குப் பொருத்திச் சொல்லும் நிபுணரை விவாத மேடையில் பார்த்தால், எந்த வகை வாக்கு பாக்கி என்று அவரிடம் கேளுங்கள்.

நெவாடாவில் 2022இல், தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த உறைகளை அடுத்த நான்கு நாள் வரை ஏற்றார்கள். கலிபோர்னியாவில் ஏழு நாள். ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர் கேத்தரின் கோர்டெஸ் மாஸ்டோ நெவாடாவில் பின்தங்கியே இருந்து நவம்பர் 12 அன்று முந்தினார். செனட் யார் பக்கம் என்பது அன்றுதான் முடிவானது. பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சிக்கு என்று தெரிய நவம்பர் 16 ஆயிற்று. இந்தத் தபால் கெடு விதிகள் இப்போது வழக்குகளிலும் புதிய சட்டங்களிலும் சிக்கியிருக்கின்றன. ஆகவே 2022இன் விதியை 2026க்கு எடுத்துப் போடாமல், தேர்தலைக் கவனிக்கும் ஒவ்வொரு மாநிலச் செயலாளர் அலுவலகத் தளத்திலும் அக்டோபர் கடைசி வாரம் ஒருமுறை சரிபார்த்துக் குறித்துவையுங்கள்.

“95 விழுக்காடு எண்ணப்பட்டது” என்று திரையில் ஓடும் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். அது மதிப்பீடு. இன்னும் எத்தனை உறை வரும் என்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. எனவே 95இல் இருந்து அடுத்த நாள் 91க்கு இறங்குவதும் உண்டு. விழுக்காட்டை விட, “மாரிக்கோபாவில் இவ்வளவு தபால் வாக்கு பாக்கி” என்ற ஒரு வரி வாசகருக்கு அதிகம் சொல்லும். அதைக் கவுண்டி அலுவலகங்களே நாள்தோறும் வெளியிடுகின்றன.

நேரக் கணக்கு, பணி ஒதுக்குபவர்களுக்காக. இந்திய, இலங்கை நேரப்படி நவம்பர் 4 அதிகாலை 4.30க்கு இந்தியானா, கென்டக்கியின் பெரும்பகுதியில் வாக்குப்பதிவு முடியும். ஜார்ஜியா 5.30. கலிபோர்னியா காலை 9.30. அலாஸ்காவின் கடைக்கோடித் தீவுகள் 11.30. சிங்கப்பூர், மலேசியாவுக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இதில் இருந்தே தெரியும்: காலை 7 மணிச் செய்திக்குள் கலிபோர்னியாவில் வாக்குப்பதிவே முடிந்திருக்காது. அந்த நேரத்துக்கு “யாருக்குப் பெரும்பான்மை” என்ற தலைப்பை யாராலும் நேர்மையாக எழுத முடியாது. கருத்துக்கணிப்பும் அப்படித்தான். வாக்குச்சாவடி வாசல் கணிப்பு எண்களை, உண்மையான முடிவு வர வர அதற்கு ஏற்பத் திருத்துகிறார்கள். முதல் இரவு வரும் “பெண்கள் இத்தனை விழுக்காடு, இளைஞர்கள் இத்தனை விழுக்காடு” எண்கள் மறுநாள் மாறியிருக்கும். வெவ்வேறு நிறுவனங்கள் எடுக்கும் கணிப்புகளை ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

சில மாநிலங்களில் நவம்பரோடு முடியாது. ஜார்ஜியாவில் யாரும் 50 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்று. 2022இல் அது டிசம்பர் 6 அன்று நடந்தது. மெய்னிலும் அலாஸ்காவிலும் வாக்காளர் விருப்ப வரிசை போடுகிறார்கள், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி நீக்கி எண்ணுகிறார்கள். அலாஸ்காவில் 2022இல் அந்த எண்ணிக்கை நவம்பர் 23இல்தான் நடந்தது. மறுஎண்ணிக்கையில் பெரும்பாலும் சில நூறு வாக்குகளுக்கு மேல் மாறுவதில்லை. 20,000 வாக்கில் தோற்றவர் மறுஎண்ணிக்கை கேட்கிறார் என்றால் அங்கே விறுவிறுப்பு எதுவும் இல்லை. அரிசோனா தலைமை வழக்கறிஞர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கிரிஸ் மேயஸ் முதலில் 511 வாக்கில் முன்னால் இருந்தார். மறுஎண்ணிக்கையில் அது 280 ஆனது. பினால் கவுண்டியில் முதல் எண்ணிக்கையில் சில நூறு வாக்குகள் விடுபட்டதே பெரும் காரணம். 25 லட்சம் வாக்கில் 280. அந்த மேயஸ்தான் 2024 ஏப்ரலில், 2020 தேர்தலில், மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் பட்டியலைப் போலியாகத் தயாரித்த விவகாரத்தில் 18 பேர் மீது குற்றச்சாட்டுக் கொண்டுவந்தார். வழக்கு பின்னர் நீதிமன்றத்தில் தடுமாறியது. ஆனால் எதிர்த்தரப்பு வென்றிருந்தால் அப்படி ஒரு வழக்கே வந்திருக்காது என்று உறுதியாக எண்ண இடமிருக்கிறது.

சான்றளிப்பும் சடங்கு இல்லை. அதே 2022இல் அரிசோனாவின் கோச்சிஸ் கவுண்டி நிர்வாகிகள் கெடு நாளில் சான்றளிக்க மறுத்தார்கள். நீதிமன்ற ஆணை வந்த பிறகே டிசம்பர் 1 அன்று சான்றளித்தார்கள். 2018இல் வட கரோலினா 9ஆம் தொகுதியில் 905 வாக்கில் வென்ற குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு மாநிலத் தேர்தல் வாரியம் சான்று தர மறுத்தது. அவருக்காக வேலை செய்தவர்கள் தபால் வாக்குகளைச் சட்டவிரோதமாகத் திரட்டியது தெரிய வந்தது. 2019 செப்டம்பரில் மறுதேர்தல். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒன்றில் காரணமின்றி மறுத்தார்கள், மற்றதில் ஆதாரத்தோடு மறுத்தார்கள்.

இந்த ஆண்டுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் தொகுதி மறுவரையறையைத் தனி ஆணையம் செய்கிறது. அதற்கே தென்னிந்தியாவில் இவ்வளவு அச்சம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆளுங்கட்சிச் சட்டமன்றமே வரைகிறது. வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை. ஆனால் 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் இடையிலேயே புதிய வரைபடம் போட்டது, இலக்கு குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து இடம். அதே 2025இல் நவம்பர் 4 அன்று கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் பதிலடி வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். மிசௌரியும் மாற்றியது. வட கரோலினா அக்டோபரில் மீண்டும் ஒருமுறை மாற்றியது. இந்த மாநிலங்களில் தொகுதி எண் அதேதான், எல்லை வேறு. “டெக்சாஸில் இந்தத் தொகுதி கைமாறியது” என்று 2024 எண்ணோடு ஒப்பிட்டு எழுதினால் வேறு வேறு மக்களை ஒப்பிடுகிறீர்கள். புதிய எல்லைக்குள் 2024இல் டிரம்பும் ஹாரிஸும் பெற்ற வாக்கு என்ன என்பதுதான் சரியான ஒப்பீடு.

“அதிபரின் கட்சிக்குப் பின்னடைவு” என்பதும் தனியே செய்தி ஆகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடம் கூடுதலாகப் பெற்ற இடைக்காலத் தேர்தல்கள் 1998, 2002 இரண்டே. 2010இல் ஒபாமா கட்சி 63 இடம் இழந்தது, 2018இல் டிரம்ப் கட்சி 40, 2022இல் பைடன் கட்சி 9. எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரும்பான்மைக்கும் இது பொருந்தும். 2022இல் குடியரசுக் கட்சிக்கு வந்தது 222. அனைவரும் வாக்களித்தால் நான்கு பேரைத்தான் இழக்கலாம். அதனால்தான் அக்கட்சியின் கெவின் மெக்கார்த்தி சபாநாயகராக 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது; 2023 ஜனவரி 7 நள்ளிரவுக்குப் பின் முடிந்தது. ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தால் சபாநாயகரை நீக்கும் தீர்மானம் கொண்டுவரலாம் என்று அவர் விட்டுக்கொடுத்தார். அக்டோபர் 3 அன்று அந்த விதியிலேயே, தன் கட்சியினர் எட்டுப் பேர் எதிராக வாக்களிக்க, பதவி இழந்தார். அடுத்த 22 நாள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபாநாயகர் இல்லை. ஜனவரியில் நிறைவேறும் சபை விதித் தொகுப்பை யாராவது ஒருவர் படித்து எழுதினால், அடுத்த ஈராண்டில் வரப்போகும் சண்டைகளில் பாதி முன்பே தெரிந்துவிடும். எண்ணிக்கை நவம்பரோடு உறைந்துவிடுவதும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் காலியிடத்துக்கு நியமனம் கிடையாது, இடைத்தேர்தல்தான். 2025 மே 22 வாக்கெடுப்பு நாளில் ஜனநாயகக் கட்சியின் மூன்று இடங்கள் உறுப்பினர் மரணத்தால் காலியாக இருந்தன.

செனட்டில் 50க்கும் 51க்கும் இடையே பெரிய தூரம். 2021, 2022இல் 50க்கு 50 என்று இருந்தபோது குழுக்களில் இரு கட்சிக்கும் சம இடம். நீதிபதி நியமனம் குழுவிலேயே சமநிலையில் நின்றால் அதை அவைக்கு இழுத்துவரத் தனி வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. ஜார்ஜியாவின் அந்த டிசம்பர் 6 இரண்டாம் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக் வென்றதும் அந்தத் தடை விலகியது. நவம்பர் 12இல் “செனட் முடிந்தது” என்று மூடிவிட்டவர்களுக்கு இது தப்பியிருக்கும்.

இறுதியாக, “இந்திய வம்சாவளியினர் இத்தனை பேர் வெற்றி” என்ற செய்தி. அதை எழுதுங்கள், வாசகர் விரும்புவதில் தவறில்லை. கூடவே அவர்களின் இடம் என்ன ஆனது என்றும் எழுதுங்கள். ஜனநாயகக் கட்சியின் ஆமி பேரா 2022இல் வென்றார்; ஆனால் கட்சி சிறுபான்மை ஆனதால், வெளியுறவுக் குழுவில் ஆசியாவுக்கான துணைக்குழுத் தலைவர் பதவியை 2023இல் குடியரசுக் கட்சியின் யங் கிம்மிடம் இழந்தார். எந்த விசாரணையை எப்போது நடத்துவது, யாரை அழைப்பது, துணைக்குழுவில் எந்தத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு எடுப்பது என்பதெல்லாம் துணைக்குழுத் தலைவர் கையில். இந்தியா பற்றியும் இலங்கை பற்றியும் அந்த அறைகளில் பேசப்படுவதற்கு அப்போது முதல் கதவாக இருந்தது அதுதான். குழுப் பட்டியல்கள் பெரும்பாலும் ஜனவரியில் வெளியாகும், சில பிப்ரவரி வரை இழுக்கும்.

2027 ஜனவரி 3 நண்பகலில், இந்திய நேரம் இரவு 10.30க்கு, இப்போதைய காங்கிரஸின் காலம் முடிகிறது. அன்றிரவுப் பணிக்கு உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் ஒருவர் பெயரை இப்போதே எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்கத் தேர்தல் எண்ணிக்கைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் தமிழ் வாசகர்கள் சிலர்